வேர்பலில் ஆறு

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை ஸ்காபரோவில் நடத்திய ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை)



"வைத்தியராக வந்த கதையைச் சொல்லுங்கோ, பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்" என்று செயலாளர் கேட்டபோது நாங்கள் கொஞ்சம் தயங்கினோம். உற்சாகமான கதைகளை இந்த மேடையில் பலர் எங்களைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். கிளினிக்கிலும், கோயில் வாசலிலும், கலியாண மண்டபங்களிலும் தாய்மார் எங்களைக் கைபிடித்து ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் கேட்பது வேறொன்று. "பிள்ளைக்கு எம்கற்றிலை மற்றதெல்லாம் நல்லாத்தான் வந்தது. அந்தக் கார்ஸ் மட்டும் குறைஞ்சு போச்சு. இனி மெடிசின் சரிவராதோ?" இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம், தணிந்த குரலில் அல்ல, ஒலிவாங்கியில்.

"நாங்கள்" என்று சொல்வது மேடை மரியாதைக்காக அல்ல. நாங்கள் உண்மையிலேயே மூவர். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய 1995 ஆம் ஆண்டில், ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மூன்று குடும்பங்களும் தனித்தனியாக நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனோம். 97 இலும் 98 இலும் ஒவ்வொருவராக ரொறன்ரோ வந்து சேர்ந்தோம். வந்து பார்த்தால் ஸ்காபரோவில் மூன்று வீடுகளும் ஒரே பஸ் பாதையில். 2002 இல் மூவரும் ஒன்றாக எம்கற் எழுதினோம். எங்களில் ஒருத்திக்கு வேர்பல் பகுதியில் 6 வந்தது.

அந்த ஒருத்தி யார் என்பதை வெளியே சொல்வதில்லை என்று அன்றைக்கே ஒரு ஒப்பந்தம் செய்தோம். இருபது வருடங்களுக்கு மேலாகியும் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே இடைவேளையில் வடையும் தேநீருமாக வந்து அதைக் கேட்கவேண்டாம்.

பரீட்சையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரிலும் வேறு நாடுகளிலும் இருந்து இதை மலரில் வாசிக்கப்போகிறவர்களும் இருக்கிறார்கள். எம்கற் என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்துவது. கனடாவின் ஆங்கிலமொழி மருத்துவபீடங்களில் பெரும்பாலானவையும் அதைக் கேட்கின்றன. எங்கள் காலத்தில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறைதான், காலையிலிருந்து பின்னேரம் வரை, பென்சிலால் வட்டங்களை நிரப்பி எழுதுவோம். பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வேர்பல் என்கிற மூன்று பகுதிகளுக்கும் தலா 15 புள்ளி. கட்டுரைக்குப் புள்ளி இல்லை, ஓர் ஆங்கில எழுத்துத் தருவார்கள். வேர்பல் என்றால் இலக்கணமோ சொல்வளமோ அல்ல. முன்பின் அறியாத விடயங்களைப் பற்றிய பந்திகளைத் தருவார்கள். 85 நிமிடத்தில் அவற்றை வாசித்து, எழுதியவர் என்ன வாதிடுகிறார், எதை ஒப்புக்கொள்வார், எதை மறுப்பார் என்று சொல்லவேண்டும். 2007 இல் பரீட்சை கணினிக்கு மாறியது. 2015 இலிருந்து நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் 118 முதல் 132 வரை. பழைய வேர்பல்தான் இன்று கார்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. 9 பந்திகள், 53 வினாக்கள், 90 நிமிடங்கள். பெயர் மாறினாலும் பிள்ளைகளை அழவைக்கும் குணம் மாறவில்லை. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் எழுதும் யூகற்றிலும் இதற்கு ஒரு தங்கச்சி உண்டு.

எங்களில் அந்த ஒருத்திக்குப் பௌதிகத்தில் 11, உயிரியலில் 12, வேர்பலில் 6. கூட்டினால் 29. கூட்டுத்தொகை மோசமில்லை. ஊர்க்கணக்கில் இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. இலங்கையில் உயர்தரத்தின் மூன்று பாடங்களுக்கும் இசட் புள்ளி கணித்துச் சராசரி எடுப்பார்கள். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம், பொது ஆங்கிலம் அந்தக் கணக்கில் வராது. இங்கே அப்படியல்ல. சில பீடங்கள் பகுதிக்குப் பகுதி வெட்டுப்புள்ளி வைத்திருந்தன. 12 எடுத்த பகுதி 6 எடுத்த பகுதிக்குக் கைகொடுக்க வராது. இது எங்களுக்குப் பெறுபேறு வந்த பிறகுதான் விளங்கியது. விண்ணப்பிக்க முன்னர் வாசித்திருக்கவேண்டிய விதிமுறையைத் தோற்ற பிறகு வாசித்தோம்.

பெறுபேறு தபாலில் வந்தது. மூன்று வீட்டு அப்பாமாரும் இரவு வேலை செய்தவர்கள். காலையில் வந்து படுக்குமுன், "றிசல்ற் வந்ததோ பிள்ளை?" என்று கேட்பார்கள். அந்த ஒருத்தி "இன்னும் வரேல்லை அப்பா" என்றாள். கடிதம் பௌதிகப் புத்தகத்துக்குள் இருந்தது. கொக்குவிலில் இருந்து மாமியும், பாரிஸில் இருந்து சித்தப்பாவும் எடுத்துக் கேட்டார்கள். அவர்களுக்கும் வரேல்லை. இரண்டு கிழமை இப்படி ஓடியது. ஒருநாள் பின்னேரம் அம்மம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவா, தலையை நிமிர்த்தாமலே சொன்னா: "கடிதம் வராத பிள்ளை தபால்பெட்டிக்கு ஓடவேணும். நீ ஓடுறதை விட்டு ரெண்டு கிழமையாச்சு. எவ்வளவு குறைவு?"

மூவர் வீட்டிலும் ஓர் அம்மம்மா இருந்தா. ஆகவே இதிலும் துப்புக் கிடையாது.

அவ ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வாசிக்கமாட்டா. ஆனால் அந்தப் பரீட்சை கேட்ட திறமை அந்த வீட்டில் அவவிடம் மட்டுமே இருந்தது என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

2002 ஒக்ரோபரில் ஒன்ராறியோவின் பொது விண்ணப்பச் சேவையான ஓம்சாஸ் ஊடாக மூவரும் விண்ணப்பித்தோம். மூவருக்கும் ஒரு நேர்முகத் தேர்வும் வரவில்லை. (மற்ற இருவருக்கும் வேறு காரணங்கள். அவையும் வெளியே சொல்லக்கூடியவையல்ல.) அந்த மாரிகாலம் முழுவதும் அந்த ஒருத்தி அட்டைகளில் சொற்கள் எழுதி மனப்பாடம் செய்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட அட்டைகள், இறப்பர் வளையம் போட்டுச் சப்பாத்துப் பெட்டிக்குள். ஊரில் சமன்பாடுகளையும் தாவரப் பெயர்களையும் அப்படித்தானே படித்தோம். 2003 ஏப்ரலில், ரொறன்ரோவில் சார்ஸ் பரவி நாங்கள் தொண்டு வேலை செய்த வைத்தியசாலைக்குள்ளேயே விடாத நேரத்தில், திரும்ப எழுதினாள். 7 வந்தது. ஆயிரம் சொல்லுக்கு ஒரு புள்ளி.

அதோடு விட்டுவிடுவது என்று அவள் முடிவெடுத்திருந்தாள். மூன்றாமவள்தான் விடவில்லை. எங்களில் வேர்பலில் 11 எடுத்தவள் அவள். இதைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறாள், கடைசி மேசையில் இருக்கிறாள். ஒரு சிஆர் கொப்பியைத் தூக்கிப் போட்டு, "இனிப் புதுப் பந்தி செய்யாதை. இதுவரைக்கும் பிழைவிட்டதை மட்டும் எழுது. ஏன் அந்த விடையைத் தெரிஞ்சனீ எண்டு பக்கத்திலை எழுது" என்றாள்.

எழுத எழுத வெட்கமாகிவிட்டது. பிழைகளில் ஏறக்குறையப் பாதி ஒரே வகை. பந்தியில் இல்லாததை, ஆனால் உலகத்தில் உண்மையானதை, விடையாகத் தெரிந்திருந்தாள். ஒரு பயிற்சிப் பந்தி நினைவிருக்கிறது. காய்ச்சல் வந்தவுடன் அதைத் தணிக்க ஓடுவது எமது பொறுமையின்மையே என்று ஒருவர் வாதிட்டிருந்தார். இந்த எழுத்தாளர் எந்தக் கூற்றை ஏற்கமாட்டார் என்பது வினா. அவளோ உடற்றொழிலியலில் படித்த எல்லாவற்றையும் மனதில் கொண்டுவந்து, எழுத்தாளரோடு சண்டை பிடித்து, தனக்குச் சரியென்று தெரிந்ததைத் தெரிவு செய்திருந்தாள். அந்நாளில் வேர்பலில் விஞ்ஞானப் பந்திகளும் வரும். மூவரிலும் விஞ்ஞானத்தில் கெட்டிக்காரியான அவள் அந்தப் பந்திகளில்தான் அதிகம் பிழைவிட்டிருந்தாள். தெரிந்தது கூடக் கூட வாசிப்பது குறைந்துபோயிருந்தது.

இது ஆங்கிலம் போதாததால் வந்த குறை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். ஓரளவுக்கு உண்மை. நேரம் முடிந்து கடைசிப் பந்திகளைத் தொடாமல் விட்டதற்கு அதுதான் காரணம். ஆனால் கொப்பி சொன்னது வேறு. எங்கள் ரீச்சர்மார் முன்னால் இருக்கிறார்கள், குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் படித்த முறையில் பந்தி என்பது விடை ஒளித்து வைத்திருக்கும் இடம். வினாவை வாசி, அதே சொல் பந்தியில் எங்கே இருக்கிறதென்று தேடு, அந்த வரியைப் பார்த்து எழுது. அப்படித்தான் நாங்கள் சிறப்புச் சித்தி எடுத்தோம். எழுதியவர் என்று ஒரு மனுசர் அந்தப் பந்திக்குள் இருக்கிறார், அவருக்கும் கோபதாபம் உண்டு என்று நாங்கள் யோசித்ததேயில்லை.

பிறகு செய்தது இதுதான். ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்குத் தொலைபேசி. செடார்பிரே நூலகத்தில் பிரதி எடுத்துவந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையையோ பழைய சஞ்சிகைக் கட்டுரையையோ மூவரும் வாசிப்போம். மூடி வைப்போம். அவள் இரண்டு வசனத்தில் சொல்லவேண்டும், தமிழில். ஆங்கிலத்தில் சொல்ல விட்டால் எழுதியவரின் சொற்களையே திருப்பி ஒப்புவித்துவிட்டு விளங்கினதுபோல் இருந்துவிடுவாள். தமிழில் அந்தக் களவு சரிவராது. சொன்னதும் மூன்றாமவள் எப்போதும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "சரி, எழுதினவருக்கு ஆரோடை கோவம்?"

முதல் சில கிழமைகள் பதில் வரவில்லை. ஒருநாள் நகரத் திட்டமிடல் பற்றி ஒரு நீளமான கட்டுரை. வாயைக் கட்டிவைத்ததுபோல் இருந்தாள். வீட்டில் அப்போதுதான் ஓர் உறவுக்காரர் வந்து போயிருந்தார். அம்மம்மா பின்னாலிருந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது தொலைபேசியில் எங்களுக்கும் கேட்டது. "அவ கேட்டது கடன் இல்லைப் பிள்ளை. எங்களிட்டைக் காசு இருக்கோ எண்டு பாக்க வந்தவ." தொலைபேசியின் மறுபக்கத்தில் மூன்றாமவள் சிரித்துவிட்டாள். "உதுதான். உதைத்தான் பரீட்சையிலை கேக்கிறாங்கள்."

அந்த ஆகஸ்டில் பெரிய மின்தடை வந்ததை இங்கே பலர் நினைவு வைத்திருப்பீர்கள். 2003 ஆகஸ்ட் 14, ஒன்ராறியோவின் பெரும்பகுதி இருட்டு. அயலவர்கள் பதறினார்கள். நாங்கள் மெழுகுதிரியில் படித்தோம். ஜாம் போத்தல் விளக்கில் நாலாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு இதென்ன புதினம்! அந்தத் தடவை வேர்பலில் 9 வந்தது. 12 அல்ல, 9. பல பீடங்களின் கதவு திறக்க அது போதும். கடிதம் வந்த அன்றே அப்பாவின் கையில் கொடுத்தாள். முந்திய இரண்டு கடிதங்களையும் சேர்த்துத்தான் கொடுத்தாள். அவர் மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனடி எனக்குச் சொல்லேல்லை" என்று மட்டும் கேட்டார். புள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இருபத்துமூன்று வயதுப் பெண்ணாயிருந்தும் அதற்குப் பதில் சொல்லமுடியாமல் அழுதாள்.

விண்ணப்பத்தோடு கொடுக்கும் கடிதத்தில் அவள் இடப்பெயர்வைப் பற்றி முழுப்பக்கம் எழுதியிருந்தாள். பாலம், மழை, மூட்டை, நடந்த கால், எல்லாம் இருந்தது. ஒவ்வொரு வரியும் உண்மை. அதை வைப்பதா எடுப்பதா என்று மூவரும் சண்டை பிடித்தோம். எங்களில் ஒருத்தி, உண்மையைத்தானே எழுதியிருக்கிறாள், ஏன் மறைக்கவேண்டும் என்றாள். மற்றவள், அது 6 ஐ விளக்கவில்லை, கேட்பவரை வாயடைக்கச் செய்கிறது என்றாள். கடைசியில் அந்தப் பக்கம் இரண்டு வரியானது. எந்த வயதில் ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கினாள் என்ற ஒரு வரி, மூன்று தடவையிலும் என்ன புள்ளி வந்தது, இடையில் எதை மாற்றினாள் என்ற இன்னொரு வரி. இது சரியான முடிவுதான் என்று இன்றும் எண்ணுகிறோம். ஆனால் எடுத்த அந்தப் பக்கத்தை அவள் எறியவில்லை.

நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். எல்லா முயற்சிகளின் புள்ளிகளும் அவர்கள் கையில் இருக்கும், ஒளிக்க முடியாது. 6 இலிருந்து 9 வரை இடையில் என்ன நடந்தது என்று ஒரு வயதான வைத்தியர் கேட்டார். அவள் கொப்பியைப் பற்றிச் சொன்னாள், பிறகு யோசிக்காமல் அம்மம்மாவைப் பற்றியும் சொன்னாள், கடன் கேட்டு வந்த உறவுக்காரர் உட்பட. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். 2004 இல் எங்களில் இருவர் ஒரே ஆண்டில் மருத்துவபீடத்துக்குள் போனோம். ஆகவே வருடத்தைக் கணக்குப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாமவள் போகவில்லை. வேர்பலில் 11 எடுத்தவளுக்குப் பௌதிகத்தில் 7. திரும்ப எழுதச் சொல்லி நாங்கள் இருவரும் கெஞ்சினோம், கொப்பியோடு போனோம். ஒரு தடவை எழுதினாள், அசையவில்லை. பௌதிகத்தோடு இன்னுமொரு வருடம் மல்லுக்கட்ட ஆசையில்லை என்றாள். இன்று பேச்சு, மொழிச் சிகிச்சையாளராக இருக்கிறாள். பக்கவாதம் வந்து பேச்சிழந்த எங்கள் நோயாளர்களை அவளிடம் அனுப்புகிறோம், அவர்கள் சொல்ல வருவதை வீட்டுக்காரர் கண்டுபிடிக்க முன்னரே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் சொந்தக்காரர் பத்து வருடமாக அவளிடம் "மெடிசின் கிடைக்கேல்லையோ" என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். அவளைவிட எங்களுக்குத்தான் அது கூச்சம். அவள் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் இங்கே இல்லை.

இனி இந்த ஒக்ரோபரில் விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு. முதலில் அந்தப் புள்ளி எங்கே கனக்கும், எங்கே கனக்காது என்று பாருங்கள். மக்மாஸ்ரர் நீண்டகாலமாக நான்கு பகுதிகளில் கார்ஸை மட்டுமே கணக்கெடுத்து வந்தது. அப்படியான இடத்தில் கார்ஸ் குறைந்த பிள்ளை மற்ற மூன்றிலும் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. வட ஒன்ராறியோவில் 2005 இல் தொடங்கிய மருத்துவக் கல்வி நிறுவனம் எம்கற்றே கேட்டதில்லை. ஆனால் அது வடபகுதியிலும் கிராமப்புறத்திலும் வாழ்ந்தவர்களுக்கு முதலிடம் கொடுக்கிறது. ஸ்காபரோப் பிள்ளை அதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்கவேண்டும். விதிகள் ஆண்டுக்காண்டு மாறுகின்றன. அக்காவின் மகளுக்கு மூன்று வருடத்துக்கு முன்னர் நடந்ததை வைத்து முடிவெடுக்கவேண்டாம், அந்தந்தப் பீடம் இந்த ஆண்டுக்கு வெளியிட்டதை வாசியுங்கள், பொறுமையாக, எழுதியவர் என்ன சொல்கிறார் என்று. (இதுவும் ஒரு கார்ஸ் பந்திதான்.)

திரும்ப எழுதுவதா? படிக்கும் முறையை மாற்றாமல் திரும்ப எழுதவேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். வாழ்நாளில் ஏழு தடவைதான் எழுத விடுவார்கள், ஒவ்வொன்றும் பதிவில் நிற்கும். 7 வந்த எங்கள் ஏப்ரல் அப்படி வீணாகியது. வகுப்புகளுக்கு ஆயிரக்கணக்கில் கட்ட முன்னர் பத்துப் பந்திகளில் விட்ட பிழைகளை எழுதிப் பாருங்கள். நேரப் பிரச்சினையா, மொழிப் பிரச்சினையா, அல்லது எங்களுடையதைப்போலத் தெரிந்ததெல்லாம் குறுக்கே வரும் பிரச்சினையா என்று அது சொல்லிவிடும். இங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் கனவு காணும் பிள்ளைகளுக்கும் கார்ஸ் குறைகிறது. அவர்களுடைய கொப்பியை ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறோம். எங்கள் கொப்பியைப் போலவே இருந்தது.

தாய்மாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பெறுபேறு வரும் நாளை ஊருக்கெல்லாம் சொல்லி வைக்காதீர்கள். கடிதம் இப்போது தபாலில் வருவதில்லை, கணினியில் வருகிறது. தபால்பெட்டிக்கு ஓடுகிறாளா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அந்தக் கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறோம். கடைசி மேசையில், மூன்றாமவளிடம் இருக்கிறது. பிள்ளைகள் புரட்டிப் பார்க்கலாம், போனில் படம் எடுக்கலாம், போகும்போது திருப்பித் தரவேண்டும். பெயர் எழுதியிருந்த முன்மட்டையை மட்டும் நேற்றிரவு கிழித்து எடுத்துவிட்டோம்.